லினக்ஸ் கன்சோலில் திரை குழம்பினால்: ரீசெட்டா, எழுத்துருவா, நோமோட்செட்டா?

லினக்ஸ் கன்சோலில் திரை குழம்பிவிட்டது என்று யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "ரீசெட் அடித்துப் பாருங்கள்" என்பார்கள், அல்லது "கெர்னல் வரியில் நோமோட்செட் போடுங்கள்" என்பார்கள். முன்னது டெர்மினலைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் கட்டளை. பின்னது, கணினி தொடங்கும்போது லினக்ஸின் மையமான கெர்னலுக்குக் கொடுக்கும் ஒரு சொல், கிராபிக்ஸ் டிரைவரை ஒதுங்கியிருக்கச் சொல்வது. முதலாவதற்குச் செலவே கிடையாது. இரண்டாவதற்கு உண்டு, அதுவும் கொஞ்சம் அதிகமாகவே. இரண்டுக்கும் நடுவில் இன்னும் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் திரையில் தெரியும் அலங்கோலத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. கோளாறு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் பேசுவது டெஸ்க்டாப்புக்குள் ஜன்னலாகத் திறக்கும் டெர்மினலைப் பற்றி அல்ல. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வருமே, அந்த வெறும் எழுத்துத் திரையைப் பற்றி. கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கம்போல ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

மருந்துக்கு முன் ஒரு சோதனை

கன்சோலில் ஓர் எழுத்து கண்ணுக்குத் தெரிவதற்குள் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதலில் ஒரு நிரல் அனுப்பும் பைட்டுகளைக் கெர்னல் வாங்கி, "இந்த இடத்தில் இந்த எழுத்து" என்று தன் நினைவகத்தில் குறித்துக்கொள்கிறது. அடுத்து அந்தக் குறிப்பை எழுத்துருவின் உதவியோடு புள்ளிகளாக வரைகிறது. கடைசியில் கிராபிக்ஸ் டிரைவர் அந்தப் புள்ளிகளைக் கேபிள் வழியாகத் திரைக்கு அனுப்புகிறது. ரீசெட் வேலை செய்வது முதல் கட்டத்தில். எழுத்துரு மாற்றம் இரண்டாவதில். நோமோட்செட் மூன்றாவதில். தவறான கட்டத்தில் மருந்து போட்டால் ஒன்றும் நடக்காது, அல்லது நடந்தது போலத் தோன்றும். இரண்டாவதுதான் மோசம்.

முதல் சோதனைக்கு ஒரு காசு செலவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்4 அழுத்தி வேறொரு மெய்நிகர் டெர்மினலுக்குப் போங்கள். அங்கே லாகின் வரி சுத்தமாக இருந்தால் டிரைவரையும் கேபிளையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. எழுத்துத் தொகுப்பு, கர்சர், நிறம் எல்லாம் ஒவ்வொரு டெர்மினலுக்கும் தனித்தனியாக இருப்பவை. எனவே அந்த ஒரு டெர்மினலின் நிலை மட்டும்தான் கெட்டிருக்கிறது. எல்லா டெர்மினலிலும் ஒரே அலங்கோலம் என்றால் கீழ்க்கட்டங்களைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சோதனை பலருக்குத் தெரியாதது, எனக்கு மிகவும் பிடித்தது. கெர்னல் தன் நினைவில் வைத்திருக்கும் திரை எழுத்துகளை ஒரு கோப்பைப் போலவே படிக்கலாம். முதல் டெர்மினலுக்கு அதன் பெயர் /டெவ்/விசிஎஸ்1, இரண்டாவதுக்கு விசிஎஸ்2. வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வந்து, ரூட் (நிர்வாகி) அனுமதியோடு கேட் கட்டளையில் அதைக் காட்டச் சொல்லுங்கள். வரி முடிவுகள் இல்லாமல் எல்லாம் ஒரே நீளமாக வரும். ஃபோல்ட் கட்டளைக்குள் செலுத்தி, உங்கள் கன்சோலின் அகலம் எத்தனை எழுத்தோ அத்தனையில் மடக்கினால் திரை அப்படியே தெரியும். அதில் எழுத்துகள் சரியாக இருந்து, கண்ணெதிரே உள்ள திரையில் மட்டும் குப்பையாக இருந்தால் எத்தனை முறை ரீசெட் அடித்தாலும் பயனில்லை. விசிஎஸ்சிலேயே குப்பை இருந்தால் டிரைவர் பக்கம் போகவே வேண்டாம். ஆங்கிலத்தைத் தாண்டிய எழுத்துகளையும் பார்க்க வேண்டுமென்றால் விசிஎஸ்யு என்று தொடங்கும் கோப்புகள் இருக்கின்றன. அவை 4.19 கெர்னலிலிருந்து உண்டு.

இன்னும் ஒரு படி கீழே போக விரும்பினால் எஃப்பிகிராப் என்ற சின்ன நிரல் இருக்கிறது. வரைந்து முடிந்த புள்ளிகளைப் படமாக எடுத்துக் கொடுக்கும். படம் தெளிவாகவும் திரை கோணலாகவும் இருந்தால், கோளாறு புள்ளிகளைத் திரைக்கு அனுப்பும் வழியில்தான் இருக்கிறது. அதாவது டிரைவர், கேபிள், திரை ஆகிய மூன்றில் ஒன்று.

கிளியர், எஸ்டிடிஒய், ரீசெட்

விசிஎஸ்சிலேயே குப்பை என்று தெரிந்தால் கையில் மூன்று கட்டளைகள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை.

கிளியர் என்பது திரையைத் துடைப்பது மட்டுமே. கன்ட்ரோலையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தினாலும் ஏறக்குறைய அதேதான், கூடவே தட்டிக்கொண்டிருந்த வரியைத் திரும்ப வரையும். பின்னணியில் ஏதோ ஒன்று திரையின் நடுவே எழுதிவிட்டுப் போயிருந்தால் இது போதும். டெர்மினலின் நிலை கெட்டிருந்தால் போதாது. துடைத்த திரையில் அடுத்த எழுத்தும் குப்பையாகவே வரும்.

எஸ்டிடிஒய் சேன் என்பது உள்ளீட்டுப் பக்கத்துக்கானது. ஒரு நிரல் பாதியில் செத்துப்போய், அதற்குப் பிறகு நீங்கள் தட்டுவது எதுவும் தெரியவில்லை, எண்டர் தட்டினால் புது வரி வராமல் ஒரு கூரைக் குறியும் எம் எழுத்தும் விழுகின்றன, வரிகள் படிக்கட்டு போல வலப்பக்கம் சரிந்துகொண்டே போகின்றன. இந்த அறிகுறிகளுக்கு இதுதான் மருந்து. எண்டரே வேலை செய்யாதபோது கட்டளையை எப்படிக் கொடுப்பது? கன்ட்ரோலும் ஜே எழுத்தும் சேர்த்து அழுத்தினால் போதும். புது வரிக்கான உண்மையான பைட் அதுதான். எனவே முதலில் கன்ட்ரோல்-ஜே, பிறகு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எஸ்டிடிஒய் சேன் என்று தட்டி, மீண்டும் கன்ட்ரோல்-ஜே.

ஆனால் எழுத்துத் தொகுப்பு மாறிப்போயிருந்தால் எஸ்டிடிஒய் ஒன்றும் செய்யாது. தெரியாமல் ஒரு பைனரி கோப்பைக் கேட் கட்டளையில் கொட்டினால் நடப்பது இது: அந்தக் கோப்பில் எங்கோ 14 என்ற மதிப்புள்ள ஒரு பைட் இருக்கும். அதைப் பார்த்ததும் கன்சோல் மாற்று எழுத்துத் தொகுப்புக்குப் போய்விடும். அதன் பிறகு சிறிய எழுத்துகள் கோடுகளும் மூலைகளுமாக விழும். பெரிய எழுத்துகளும் பெரும்பாலான எண்களும் மட்டும் சரியாக இருக்கும், அதை வைத்தே இந்த நோயைக் கண்டுபிடித்துவிடலாம். 15 மதிப்புள்ள பைட் வந்தால் தானே திரும்பிவிடும், ஆனால் அது வருவதும் வராததும் கோப்பின் அதிர்ஷ்டம். இங்கேதான் ரீசெட் வேண்டும். அது எஸ்டிடிஒய் செய்யும் வேலையையும் செய்து, கன்சோலைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் எஸ்கேப் வரிசையையும் அனுப்புகிறது. லினக்ஸ் கன்சோலுக்கு அந்த வரிசையிலேயே நிறத் தட்டை மீட்கும் குறியும் சேர்ந்திருப்பதால், கெட்டுப்போன நிறங்களும் பழையபடி ஆகும். ரீசெட் அடித்ததும் ஒரு நொடி தாமதிப்பது போலத் தோன்றினால் பதற வேண்டாம். பழைய காலத்து வன்பொருள் டெர்மினல்கள் மூச்சு விட்டுக்கொள்வதற்காக வைத்த இடைவெளி அது.

மூன்றையும் ஒப்பிட்டால் என் தேர்வு நேரடியாக ரீசெட்தான். கிளியரும் எஸ்டிடிஒய்யும் தனித்தனியாகச் செய்வதை அது ஒன்றாகச் செய்துவிடுகிறது, திரையில் இருப்பதைத் தவிர இழப்பதற்கும் எதுவும் இல்லை. எஸ்டிடிஒய்யைத் தனியாக எடுப்பது, திரையில் இருக்கும் பழைய செய்திகளை இழக்க விரும்பாதபோது மட்டும். பிழைச் செய்தி ஒன்று திரையில் நிற்கும்போது ரீசெட் அடித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

ரீசெட்டால் தீராத சில இந்தக் கட்டத்திலேயே இருக்கின்றன. நீளமான கட்டளையைத் தட்டும்போது வரியின் முடிவில் அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் தொடக்கத்திலேயே மேலேறி எழுதுகிறதா? பெரும்பாலும் உங்கள் பாஷ் ப்ராம்ப்ட்டில் நிறக்குறிகளைச் சுற்றிப் பின்சாய்கோட்டோடு கூடிய சதுர அடைப்புகளைப் போடாமல் விட்டிருப்பீர்கள். நிறக்குறிகள் திரையில் இடம் பிடிக்காதவை என்று பாஷுக்குத் தெரியாததால், வரியின் நீளத்தைத் தப்பாகக் கணக்கிடுகிறது. ப்ராம்ப்ட்டைத் திருத்தும் வரை இது தீராது.

கெர்னல் செய்திகள் நீங்கள் தட்டும் வரியின் நடுவே வந்து விழுவதும் காட்சிக் கோளாறு அல்ல. முழுத்திரை எடிட்டரில் இருக்கும்போது வந்தால் பார்க்கக் கோளாறு போலவே இருக்கும், அவ்வளவுதான். டிமெசேஜ் என்று வாய்வழக்கில் சொல்லும் அந்தக் கட்டளைக்கு (டி-எம்-இ-எஸ்-ஜி) மைனஸ் என், 1 என்று கொடுத்தால் மிக அவசரமானவை தவிர மற்றவை கன்சோலுக்கு வராது. பூட் வரியில் (மேலே சொன்ன கெர்னல் வரிதான்) இருக்கும் கொயட் என்ற சொல் அளவை 4 ஆக்குகிறது, அதனால் பிழைச் செய்திகள் இன்னும் வரும். அவையும் வேண்டாமென்றால் லாக்லெவல்=3 என்று போடலாம். திரையில் வராவிட்டாலும் செய்திகள் பதிவில் இருக்கும் என்பதால் இதில் நஷ்டம் குறைவு. ஆனால் வட்டு சாகும் நிலையில் உள்ள சர்வரில் இதைச் செய்துவிட்டு மறந்துபோனால் வருத்தப்படுவீர்கள்.

எழுத்தா, எழுத்துருவா

மெனு வரையும் நிரல்களில், உதாரணமாக மிட்நைட் கமாண்டர் அல்லது கெர்னல் கட்டமைப்பு மெனுவில், கட்டங்கள் கோணலாக வரும்போது எந்த விதமாகக் கோணலாகின்றன என்று கவனியுங்கள். மருந்து அதிலேயே எழுதியிருக்கிறது.

கோடு வர வேண்டிய இடத்தில் எல், க்யூ, க்யூ, க்யூ, கே என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகள் வரிசையாக வந்தால், நிரலும் கன்சோலும் வேறு வேறு டெர்மினல் மொழி பேசுகின்றன என்று பொருள். விடி100 காலத்திலிருந்தே க்யூ என்றால் படுக்கைக் கோடு, எக்ஸ் என்றால் நெடுங்கோடு. மாற்றுத் தொகுப்புக்குப் போகச் சொன்ன குறி கன்சோலுக்குப் புரியவில்லை, எழுத்து மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. இங்கே டெர்ம் என்ற சூழல் மாறியைப் (பெயர் பெரிய எழுத்துகளில்) பாருங்கள். நேரடிக் கன்சோலில் அதன் மதிப்பு லினக்ஸ் என்று இருக்க வேண்டும். யாரோ பாஷ் அமைப்புக் கோப்பில் எக்ஸ்டெர்ம்-256கலர் என்று கட்டாயப்படுத்தி வைத்திருப்பார்கள். டெஸ்க்டாப்பில் அழகாக இருக்கும், கன்சோலில் சொதப்பும். அந்த வரியை நீக்குவதுதான் சரியான வழி. என்கர்சஸ் என்ற நூலகத்தால் மெனு வரையும் நிரல்களுக்கென்று யுடிஎஃப்-8 கோடுகளையே வரையச் சொல்லும் ஒரு தனி மாறியும் இருக்கிறது, ஆனால் அது ஒட்டுப்போடுவது போலத்தான்.

ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று மூன்று விசித்திர எழுத்துகள் வந்தால் கதை வேறு. கோடு வரையும் யூனிகோட் எழுத்துகள் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட் எடுப்பவை. நிரல் யுடிஎஃப்-8 அனுப்புகிறது, கன்சோல் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படிக்கிறது. யூனிகோட்_ஸ்டார்ட் என்ற கட்டளை அந்த ஒரு முறைக்குத் தீர்த்துவிடும். திரும்பத் திரும்ப வந்தால் லொகேல் (மொழி, எழுத்துக் குறியீடு) அமைப்பைப் பாருங்கள்.

கோட்டுக்குப் பதில் ஒரே மாதிரியான சதுரமோ வைரக் குறியோ வந்தால், எழுத்து சரியாக வந்து சேர்ந்துவிட்டது, எழுத்துருவில் அதற்கு உருவம் இல்லை. இங்கே மட்டும்தான் செட்ஃபான்ட் உதவும். ஒரு வரம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும்: கன்சோல் எழுத்துருவில் அதிகபட்சம் 512 உருவங்கள்தான். பழைய விஜிஏ எழுத்து முறையில் 256-ஐத் தாண்டினால் பளிச்சென்ற நிறங்களை இழக்க வேண்டும். ஏனென்றால் நிறத்துக்கு வைத்திருந்த ஒரு பிட்டை உருவத்தின் எண்ணுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதனால் தமிழ்க் கோப்புப் பெயர்கள் கன்சோலில் சதுரங்களாகத் தெரிவதைக் கோளாறு என்று நினைத்து எழுத்துரு தேடி அலைய வேண்டாம். 512 என்ற எண்ணிக்கை கூட இங்கே பெரிய தடை இல்லை. 'கொ' என்று எழுத ககரத்துக்கு முன்னும் பின்னும் குறிகளை அமர்த்த வேண்டும், அந்த வேலையைச் செய்யும் பகுதியே கெர்னல் கன்சோலில் கிடையாது. லொகேல் தமிழாக இருந்து, நிரல்களின் செய்திகள் தமிழில் வந்து சதுரங்களாக நின்றால், டெர்ம் மாறி லினக்ஸ் என்று இருக்கும்போது மட்டும் செய்திகளின் மொழியைச் சி.யுடிஎஃப்-8 ஆக்கும் ஒரு நிபந்தனையை ப்ரொஃபைல் கோப்பில் எழுதிவிடுங்கள். தமிழிலேயே படிக்க வேண்டுமென்றால் எஸ்எஸ்எச் வழியாக டெஸ்க்டாப் டெர்மினலிலிருந்து நுழைவதுதான் வழி.

எழுத்து சரிதான், ஆனால் எறும்பு ஊர்வது போலச் சின்னதாக இருக்கிறது என்றால் இரண்டு வழிகள் எதிரெதிரே நிற்கின்றன. ரெசல்யூஷனைக் குறைக்கலாம், அல்லது எழுத்துருவைப் பெரிதாக்கலாம். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன். எல்சிடி திரை தன் இயல்பான ரெசல்யூஷனில் இருந்தால்தான் எழுத்து கூர்மையாக இருக்கும். குறைத்தால் ஓரங்கள் மங்கிவிடும், நாள் முழுக்கப் பார்ப்பவர்களுக்குக் கண் வலிக்கும். கன்சோல் கருவிகளின் தொகுப்பான கேபிடியின் புதிய பதிப்புகளில், செட்ஃபான்ட் கட்டளைக்கு மைனஸ் டி கொடுத்தால் இப்போதுள்ள எழுத்துருவையே இரு மடங்காக்கும். அழகு வேண்டுமென்றால் டெர்மினஸ் எழுத்துருவின் 32 புள்ளி உயர வடிவம் இருக்கிறது. 5.0 கெர்னலிலிருந்து அது கெர்னலுக்குள்ளேயே டிஇஆர்16×32 என்ற பெயரில் சேர்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் டிஸ்ட்ரோ அதை இயக்கியிருந்தால் பூட் வரியில் எஃப்பிகான்=ஃபான்ட் என்று தொடங்கி, முக்காற்புள்ளி வைத்து அந்தப் பெயரைக் கொடுத்துவிடலாம் (டிஇஆர் மூன்றும் பெரிய எழுத்துகள், நடுவில் இருப்பது பெருக்கல் குறி அல்ல, சிறிய எக்ஸ் எழுத்து). நிரந்தரமாக்க டெபியன் வகைகளில் கன்சோல்-செட்டப், ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் விகன்சோல்.கான்ஃப் கோப்பு.

பூட் தொடங்கும்போது பெரிதாக இருந்த எழுத்து, நடுவில் திரை ஒருமுறை மினுக்கியதும் சின்னதாகிவிடுகிறது என்றால், எழுத்துரு அமைந்த பிறகு கிராபிக்ஸ் டிரைவர் வந்து கன்சோலைப் புதிதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. டிரைவரை இனிட்ராம்எஃப்எஸ்சுக்குள் (பூட்டின் தொடக்கத்திலேயே ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) சேர்த்து முன்கூட்டியே ஏற்றினால் போதும். செட்ஃபான்ட்டை லாகின் கோப்பில் எழுதி வைப்பவர்களும் உண்டு. வேலை செய்யும், ஆனால் லாகின் வரும் வரை பூதக்கண்ணாடி வேண்டும்.

டிரைவர் பக்கம்

விசிஎஸ்சில் எழுத்து சரி, எழுத்துருவும் சரி, ஆனாலும் திரை கிழிகிறது, மினுக்குகிறது, கறுக்கிறது. இங்கே வந்தால்தான் பூட் வரியைத் தொட வேண்டும். எதைச் சோதித்தாலும் முதலில் ஒரு முறைக்கு மட்டும் சோதியுங்கள். க்ரப் என்ற பூட் நிரலின் மெனுவில் ஈ எழுத்தைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் அல்லது எஃப்10 அழுத்தினால் அந்த பூட்டுக்கு மட்டும் அமலாகும். தவறினால் ரீபூட் செய்தால் பழைய நிலை.

நோமோட்செட் என்ன செய்கிறது என்று தெரிந்தால் அதை எங்கே வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். முன்பெல்லாம் திரையின் முறையை (ரெசல்யூஷன், புதுப்பிப்பு வேகம்) டெஸ்க்டாப்பை வரையும் எக்ஸ் சர்வர்தான் அமைத்தது. 2009-இல் வந்த 2.6.29 கெர்னலில் இன்டெல் டிரைவரோடு தொடங்கி, அந்த வேலை கெர்னலுக்குள் வந்தது. நோமோட்செட் போட்டால் கெர்னலின் கிராபிக்ஸ் டிரைவர்கள் அந்த வேலையைச் செய்யாமல் ஒதுங்கிவிடும். யுஇஎஃப்ஐ கணினியில் ஃபர்ம்வேர் அமைத்துக் கொடுத்த சட்டகத்திலேயே கன்சோல் ஓடும். பழைய பயாஸ் கணினியில் 80 எழுத்து அகலமும் 25 வரியும் கொண்ட விஜிஏ திரைக்கே திரும்பலாம். கோளாறு எதையும் இது சரிசெய்வதில்லை. கோளாறுள்ள பகுதியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது.

அதற்கு விலை என்ன என்பது நீங்கள் எந்தக் கணினியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லேப்டாப்பில் கிராபிக்ஸ் முடுக்கம் போகும், இரண்டாவது திரை போகும், வெளிச்சக் கட்டுப்பாடு போகலாம், தூங்க வைத்து எழுப்புவதில் சிக்கல் வரலாம். டெஸ்க்டாப் பயன்படுத்துபவருக்கு இதை நிரந்தரமாகப் போடு என்று அறிவுரை சொல்வது தவறு. டிரைவரையோ ஃபர்ம்வேர் தொகுப்பையோ நிறுவுவதற்கு உள்ளே நுழையும் அந்த ஒரு முறைக்கு மட்டும் அது சரி. ஆனால் டெஸ்க்டாப்பே இல்லாத சர்வரில் கணக்கு தலைகீழ். ரிமோட் கன்சோல் ஜன்னலில் பூட் பாதியில் படம் நின்றுபோகிறது என்றால், நோமோட்செட்டை நிரந்தரமாகவே போட்டுவிடுங்கள். அங்கே இழப்பதற்கு ஒன்றுமில்லை.

லேப்டாப்பில் அதற்கு முன் பார்க்க வேண்டியவை டிரைவருக்கே உரிய குறிப்பான அளவுருக்கள். நீங்கள் தட்டிய எழுத்து உடனே தெரியாமல், இன்னும் இரண்டு எழுத்து தட்டியதும் மூன்றும் சேர்ந்து தோன்றுகின்றனவா? திரை அசையாமல் இருக்கும்போது மினுக்குகிறதா? திரை தன் படத்தைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் மின்சேமிப்பு முறை மேல் சந்தேகம் வையுங்கள். இன்டெல்லுக்கு ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு.டிசிடிபக்மாஸ்க்=0×10 (இங்கும் நடுவில் எக்ஸ் எழுத்துதான்). விலை, பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். நோமோட்செட்டோடு ஒப்பிட்டால் இது மிக மலிவு. சொல்லப்போனால், நோமோட்செட்டால் "தீர்ந்தது" என்று சொல்லப்படும் மினுக்கல்களில் இப்படிப்பட்டவையும் கலந்திருக்கும். டிரைவர் போனதும் மின்சேமிப்பும் போய்விடுவதால் மினுக்கல் நிற்கும்.

எழுத்துகள் திரையின் இடது மேல் மூலையில் மட்டும் அடைந்து, மீதி இடம் கறுப்பாக இருந்தால், கணினிக்கு இரண்டு திரைகள் இணைந்திருப்பதாக டிரைவர் நம்புகிறது. கன்சோல் எல்லாத் திரைகளிலும் ஒரே படத்தைக் காட்ட வேண்டியிருப்பதால் சின்னத் திரையின் அளவுக்குச் சுருங்கிவிடும். இரண்டாவது திரை நிஜமாகவே இருக்கலாம், மூடி வைத்த லேப்டாப் திரையாகவும் இருக்கலாம், இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லும் மதர்போர்டாகவும் இருக்கலாம். /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் அடைவில் இணைப்புகளின் பெயர்கள் இருக்கும். பூட் வரியில் வீடியோ= என்று தொடங்கி, வேண்டாத இணைப்பின் பெயர், முக்காற்புள்ளி, டி எழுத்து என்று கொடுத்தால் அது அணைந்துவிடும். அதே வீடியோ= வழியாக ஓர் இணைப்புக்குக் குறிப்பிட்ட ரெசல்யூஷனையும் புதுப்பிப்பு வேகத்தையும் கட்டாயப்படுத்தலாம். பழைய வழிகாட்டிகளில் வரும் விஜிஏ=791 என்பது இதற்கு மாற்று அல்ல. அது பயாஸ் காலத்துச் சங்கதி, கெர்னல் டிரைவர் வந்ததும் அதன் சொல் செல்லாது.

என்விடியாவின் சொந்த டிரைவரில், எக்ஸ் அல்லது வேலண்ட் டெஸ்க்டாப்பிலிருந்து கன்சோலுக்குத் திரும்பும்போது கறுப்புத் திரையோ குறைந்த ரெசல்யூஷனோ வந்தால், என்விடியா-டிஆர்எம்.மோட்செட்=1 முதல் படி. 2023-இல் வந்த 545 வரிசையிலிருந்து கன்சோலுக்கான எஃப்பிடெவ்=1 என்ற தேர்வும் உண்டு.

திரை பத்து நிமிடம் கழித்துக் கறுப்பாகிறது, ஒரு விசையைத் தட்டினால் வருகிறது என்றால் டிரைவரை விட்டுவிடுங்கள். அது பழைய கெர்னல்களின் இயல்பான திரைமூடல். கன்சோல்பிளாங்க்=0 போட்டால் நிற்கும். கேபிள் விஷயம் இன்னும் சுருக்கம்: திரையெங்கும் வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் கேபிளை மாற்றுங்கள். தொலைக்காட்சியில் இணைத்திருக்கும்போது நான்கு ஓரமும் வெட்டுப்பட்டால், தொலைக்காட்சியின் மெனுவில் ஓவர்ஸ்கேனை அணையுங்கள். கெர்னலில் இதற்கெல்லாம் வழி தேடுவது வீண்.

சரி செய்யாமல் விடுவதும் ஒரு தேர்வு

கன்சோலில் வேலை செய்தே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வாரத்தில் ஒருமுறை எட்டிப் பார்க்கும் கணினி என்றால் எஸ்எஸ்எச் போதும், கன்சோல் எப்படி இருந்தால் என்ன? நெட்வொர்க்கே வராத நிலையிலும் பார்க்க வேண்டிய சர்வர் என்றால் சீரியல் கன்சோல்: பூட் வரியில் கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200 என்று சேர்த்தால் செய்திகள் எல்லாம் சீரியல் வழியே வரும். பொதுவாக எஸ்0-இன் அந்த எஸ் மட்டும் பெரிய எழுத்து, கவனம். மெய்நிகர் கணினிகளிலும் இதுவே சௌகரியம், செய்திகளை நகலெடுக்க முடியும். குறை என்னவென்றால், சீரியல் இணைப்புக்குத் திரையின் அளவு தெரியாது. எஸ்டிடிஒய் கட்டளையில் வரிசைகளையும் நெடுவரிசைகளையும் நீங்களே சொல்ல வேண்டும். வேகம் இரு முனையிலும் ஒன்றாக இல்லாவிட்டால் மறுபடி குப்பை எழுத்துதான், ஆனால் அதற்கு இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் மருந்தாகாது.

ஷிஃப்ட்-பேஜ்அப் அழுத்தினால் முன்பு மேலே போன வரிகள் தெரியும், இப்போது தெரிவதில்லை என்று தேடுபவர்களும் இங்கேதான் வந்து சேர வேண்டும். அது கெட்டுப்போகவில்லை. 2020-இல் வந்த 5.9 கெர்னலில் அந்த வசதியின் நிரல்துண்டையே எடுத்துவிட்டார்கள். டிமக்ஸ் அல்லது ஸ்க்ரீன் நிறுவிக்கொண்டு அதற்குள்ளிருந்து வேலை செய்வதுதான் இப்போதுள்ள வழி. நீளமான வெளியீட்டுக்கு லெஸ் கட்டளையே போதும்.

பூட் வரி மாற்றம் ஒன்று நிஜமாகவே உதவியது என்று தெரிந்த பிறகு, டெபியன், உபுண்டு வகைகளில் /ஈடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் எழுதி அப்டேட்-க்ரப் ஓட்டுங்கள். ஃபெடோராவில் க்ரப்பி இருக்கிறது. அப்புறம் அதைப் போட்ட காரணத்தை அந்தக் கோப்பிலேயே ஒரு கருத்துவரியாக எழுதி வையுங்கள். கெர்னல் மாறும்போது ஒருமுறை க்ரப் மெனுவில் அந்தச் சொல்லை அழித்துவிட்டு பூட் செய்து பாருங்கள், டிரைவர் கோளாறுகள் சத்தமில்லாமல் சரியாகிவிடுவது உண்டு. நீங்கள் எதுவும் போடாமலேயே ரெசல்யூஷன் குறைவாகவும் டெஸ்க்டாப் மந்தமாகவும் இருந்தால் /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பைத் திறந்து பாருங்கள். நிறுவும்போது பாதுகாப்பான கிராபிக்ஸ் என்ற மெனுவைத் தேர்ந்தெடுத்திருந்தால், சில நிறுவிகள் நோமோட்செட்டை நிறுவிய அமைப்பிலும் எழுதிவிட்டுப் போயிருக்கும்.